சிட்னி ஈஸ்டர் ஷோ: ராட்டினத்துக்குப் பின்னால் இருக்கும் விவசாயச் சங்கம்

கேள்வி இது: "குழந்தைகளோடு ஈஸ்டர் ஷோவுக்குப் போனால் ராட்டினம், ஷோபேக் (மிட்டாயும் பொம்மையும் போட்டு விற்கும் பை), பஞ்சுமிட்டாய் என்று காசு கரைந்து போகிறது. இதை நடத்துவது ஒரு விவசாயச் சங்கம் என்கிறார்கள். அங்கே அப்படி என்ன விவசாயம் இருக்கிறது? இது எப்படித் தொடங்கியது?"

காசு கரைவது உண்மைதான். ஆனால் ராட்டினப் பக்கமே நின்றுவிட்டுத் திரும்பினால் ஷோவின் வாசலைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்க்காமல் வந்ததாகத்தான் அர்த்தம். ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டிச் சிட்னியில் நடக்கும் இந்தக் கண்காட்சிக்குள் இருப்பது பன்னிரண்டு நாள் பரீட்சை. மாடு, ஆட்டு ரோமம், கேக், ஆப்பிள், மரம் வெட்டும் கை எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அச்சிட்ட விதி உண்டு, நடுவர் உண்டு. அந்தப் பரீட்சையை வைப்பதற்காகத்தான் சங்கமே தொடங்கப்பட்டது.

1788-இல் முதல் கப்பல்களோடு வந்த சொற்ப மாடுகள் சில மாதங்களில் மேய்ச்சலில் இருந்து காணாமல் போயின. ஏழு வருடம் கழித்து, சிட்னிக்குத் தென்மேற்கே இன்றைய கேம்டன் பக்கம், ஒரு மந்தையாகப் பெருகி அவை மேய்ந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள். அந்த இடத்துக்கு 'மாட்டு மேய்ச்சல்' என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கால்நடை வந்தது. தொடக்க காலப் பண்ணையாரான ஜான் மக்காதர் முதலில் வளர்த்ததில் வங்காளத்துப் பெட்டையாடுகளும் உண்டு. அவற்றின் மேல் இருந்தது கம்பளி இல்லை, முடி. 1797-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து மெரினோ ஆடுகள் வந்த பிறகுதான் கம்பளி என்று சொல்லக்கூடிய ஒன்று இங்கே கிடைத்தது. ஆக, 1820 வாக்கில் இந்தக் காலனியில் இருந்தது பல ஊர்க் கால்நடைகளின் கலவை. எது நல்லது, எதைப் பெருக்குவது என்று சொல்ல ஒரு பொது அளவுகோல் இல்லை.

1822 ஜூலை 5-ஆம் தேதி 'நியூ சவுத் வேல்ஸ் விவசாயச் சங்கம்' உருவானது. முதல் தலைவர் சர் ஜான் ஜேமிசன், மருத்துவர், பெரிய நிலக்காரர். மற்றவர்களும் ஏறக்குறைய அதே வகைதான். 'விவசாயச் சங்கம்' என்றதும் நம் ஊர் உழவர் சங்கத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பண்ணையார்களின் சங்கம். அவர்களுக்காக வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தண்டனை பெற்றுக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். நிலம் அங்கே பூர்வகுடிகளான தாருக் மக்களுடையது, அவர்களைக் கேட்டு எடுக்கப்பட்டதும் இல்லை. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் இந்த வகைச் சங்கம் முளைத்தது. 1835-இல் சென்னையில் தொடங்கிய அக்ரி-ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியும் (கதீட்ரல் ரோட்டில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கும் பக்கம்) இதே அச்சில் வார்த்ததுதான்.

முதல் ஷோ 1823 அக்டோபரில், சிட்னிக்கு மேற்கே பரமட்டாவில். மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறீர்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் நடந்தது. பிறகு வறட்சியும் பணமுடையும் சேர்ந்து 1830-களின் நடுவில் சங்கம் படுத்துவிட்டது. நூற்றுச் சொச்சம் பணக்காரர்களின் சந்தாவில் ஓடும் எதுவும் அவர்கள் கை காய்ந்தால் காய்ந்துவிடும். 1857-இல் 'கம்பர்லேண்ட் விவசாயச் சங்கம்' என்ற பெயரில் பரமட்டாவிலேயே மறுபடி எழுந்து, 1859-இல் பழைய பெயரை எடுத்துக்கொண்டது.

அடுத்த நூற்றைம்பது வருடக் கதையை இடமாற்றக் கதையாகவே சொல்லிவிடலாம். 1869-இல் ஷோ சிட்னி நகருக்குள், ரயில் நிலையத்தை ஒட்டிய பிரின்ஸ் ஆல்ஃபிரட் பூங்காவுக்கு வந்தது. ரயிலடி என்பதுதான் இதில் முக்கியம். ரயில் வந்த பிறகுதான் மலைத்தொடருக்கு அப்பால் உள்ள பண்ணைக்காரர் தன் காளையைத் தலைநகருக்குக் கொண்டுவருவது நடக்கிற காரியமானது. அதுவரை 'நியூ சவுத் வேல்ஸ்' என்ற பெயர் கொஞ்சம் மிகைதான், உண்மையில் பரமட்டாவைச் சுற்றிய ஷோ அது. 1882-இல் மூர் பார்க். மணல்மேடாகக் கிடந்த அந்த இடத்தைச் சங்கமே சமப்படுத்திக் கட்டிடம் எழுப்பியது. 1891-இல் விக்டோரியா மகாராணியிடமிருந்து 'ராயல்' அடைமொழி கிடைத்தது. 1919-இல் இன்ஃபுளுயன்சா கொள்ளைநோயால் ஷோ இல்லை, மைதானம் தற்காலிக மருத்துவமனையானது. 1942 முதல் 1946 வரை ராணுவத்தின் கையில் இருந்தது. 2020-இல் கோவிட்.

மூர் பார்க்கில் கடைசி ஷோ 1997. அந்த இடம் திரைப்பட ஸ்டுடியோவாக மாறியது. 1998-இல் ஹோம்புஷ். ஒலிம்பிக் பார்க் ரயில் நிலையம் அந்த மார்ச்சில் திறந்தது முதலில் ஈஸ்டர் ஷோ கூட்டத்துக்காகத்தான், ஒலிம்பிக் வர இன்னும் இரண்டரை வருடம் இருந்தது. ஒலிம்பிக் சமயத்தில் மாட்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய வளாகத்துக்குள் கைப்பந்தும் பேட்மின்டனும் ஆடினார்கள். இன்னொன்று: 1915 முதல் 1988 வரை ஹோம்புஷ் விரிகுடாவில் இருந்தது மாநில அரசின் இறைச்சிக்கூடம். லட்சக்கணக்கான மாடுகள் கடைசியாக வந்து சேர்ந்த ஊரில்தான் இன்று மாட்டுக்குக் குளிப்பாட்டிச் சீவிப் பட்டை கட்டிவிடுகிறார்கள்.

வரலாறு போதும். ஷோவின் இயந்திரம் எங்கே இருக்கிறது என்றால், 'ஷெட்யூல்' என்று சொல்லும் போட்டி விதிப் புத்தகத்தில். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் புத்தகம். எந்த வகுப்பு, எத்தனை உருப்படி, என்ன அளவு, எந்தத் தேதிக்குள் பதிவு, எப்போது கொண்டுவந்து ஒப்படைப்பது, எதைச் செய்தால் தள்ளுபடி என்று எல்லாம் அதில் இருக்கும். ஸ்கோன் எனும் சிறு ரொட்டி எத்தனை வைக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதோ அத்தனைதான். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நடுவர் வாயில் வைக்க மாட்டார். அந்தத் தட்டு விதிப்படி இல்லை, அவ்வளவுதான். முதல் முறை பங்கெடுப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் கைப்பக்குவத்தில் இல்லை, இந்தப் புத்தகத்தைச் சரியாகப் படிக்காததில்.

மாட்டு வளையத்தில் நிற்கும்போது எதைப் பார்ப்பது? ஒரே இனம், ஒரே பாலினம், ஒத்த வயதுள்ள மாடுகளை ஒரு வகுப்பாகக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நடுவர் முதலில் பார்ப்பது நடை. பின்னங்கால் முன்னங்காலின் தடத்தில் விழுகிறதா, குதிகால் மூட்டு அரிவாள்போல் வளைந்திருக்கிறதா என்று கவனிப்பார். பரந்த மேய்ச்சல் நிலத்தில் தண்ணீருக்காகத் தினமும் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிற நாடு இது. கால் கெட்டால் மற்ற அழகெல்லாம் வீண். பிறகு முதுகின் நீளம், இடுப்பின் அகலம், விலா வளைவு, பசுவென்றால் மடி எப்படி ஒட்டியிருக்கிறது, காம்பு சீராக இருக்கிறதா. ஒவ்வொரு வகுப்பின் முதலிடமும் ஜூனியர், சீனியர் சாம்பியன் போட்டிக்குப் போய், அங்கிருந்து அந்த இனத்தின் கிராண்ட் சாம்பியன், அதற்கு மேல் இனங்களுக்கிடையே ஒரு போட்டி. பரிசை அறிவித்த கையோடு நடுவர் மைக்கைப் பிடித்து, முதலாவதை இரண்டாவதுக்கு மேல் ஏன் வைத்தேன் என்று காரணம் சொல்வார். நின்று கேட்க வேண்டியது அதைத்தான். இருபது நிமிடம் கேட்டால், அதுவரை ஒரே மாதிரி தெரிந்த எட்டு ஹெரிஃபோர்டு இனக் கிடேரிகளும் வேறு வேறாகத் தெரியத் தொடங்கும்.

ஆனால் கண்ணால் பார்ப்பது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? இதற்குச் சங்கங்கள் கண்டுபிடித்த பதில் கொஞ்சம் கடுமையானது. இறைச்சிக்காக வளர்க்கும் காயடித்த இளங்காளைகளுக்கு இரண்டு கட்டப் போட்டி. 'குளம்பு, கொக்கி' என்பார்கள். முதலில் குளம்பில் நிற்கும்போது உயிரோடு மதிப்பெண். பிறகு வெட்டி, இறைச்சிக்கூடத்தில் கொக்கியில் தொங்கும்போது மறுபடி மதிப்பெண். பிட்டத்தின் மேல் குறிப்பிட்ட ஓர் இடத்தில் கொழுப்பு எத்தனை மில்லிமீட்டர், விலா எலும்புகளுக்கிடையே அறுத்த முகத்தில் முதுகுத் தசையின் பரப்பு எத்தனை சதுர சென்டிமீட்டர், தசைக்குள் கொழுப்பு எப்படி இழையோடியிருக்கிறது, நிறம், அமிலத்தன்மை எல்லாம் அளவுகோலில் வரும். உயிரோடு முதலிடம் வாங்கியது கொக்கியில் முதலிடம் வாங்காமல் போவது வழக்கம். வெளியே திரண்டு தெரிந்தது தசை இல்லை, கொழுப்பு என்று அப்போது தெரியும்.

நன்றாக வளர்த்த மாடும் கொக்கியில் கோட்டை விடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மிரண்ட மாட்டின் தசையில் சேமித்து வைத்த சர்க்கரை (கிளைக்கோஜன்) தீர்ந்துவிடும். வெட்டிய பிறகு லாக்டிக் அமிலமாக மாற அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. பி.எச். அளவு 5.7-க்குக் கீழே இறங்காது, இறைச்சி கருஞ்சிவப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். இதற்கு ஆங்கிலத்தில் 'கருவெட்டு' என்று பொருள்படும் பெயர் உண்டு. பழகாத மாடுகளோடு கலந்து அடைப்பது, நெடுநேர லாரிப் பயணம், நாய், கூச்சல் எல்லாம் இதற்குக் காரணம். நியூ சவுத் வேல்ஸ் பள்ளிப் பிள்ளைகள் பலர் இந்தப் போட்டிக்கு மாடு வளர்க்கிறார்கள். மாதக்கணக்கில் தும்பைப் பிடித்து நடத்திப் பழக்குவது வளையத்தில் அழகாக நடக்க மட்டும் இல்லை, கடைசி நாளில் அது மிரளாமல் இருக்கவும்தான். அந்தப் பிள்ளைகளுக்கு அது எளிய பாடம் இல்லை.

கம்பளிப் பகுதியில் கூட்டம் குறைவு, அதனால் நின்று பார்க்கலாம். ஒரு மெரினோ ஆட்டின் முழு ரோமத்தையும் ஒரே போர்வையாகக் கத்தரித்து எடுத்து, கம்பிச் சட்டம் போட்ட மேசை மேல் வீசி விரித்து, ஓரத்தில் உள்ள கறை, வியர்வைப் பிசுக்கு, விதை முள் ஆகியவற்றைக் கிள்ளி நீக்கிவிட்டுத்தான் போட்டிக்கு வைப்பார்கள். அதிகம் கிள்ளினால் எடை போகும், குறைவாகக் கிள்ளினால் சுத்தத்தில் மதிப்பெண் போகும். நடுவர் ஒரு கொத்தைப் பிரித்து எடுத்து இரண்டு முனையையும் இறுகப் பிடித்து, காதுக்கருகே வைத்து விரலால் சுண்டுவார். நல்ல கம்பளி 'டிங்' என்று கம்பிபோல் ஒலிக்கும். கெட்டது சரசரவென்று நடுவில் இற்றுப்போகும். அப்படி இற்றுப்போகும் இடம் ஒரு நாட்குறிப்பு மாதிரி. கத்தரித்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், எந்த மாதத்தில் அந்த ஆடு காய்ச்சலில் கிடந்தது, எப்போது தீவனம் இல்லாமல் வாடியது, குட்டி ஈன்று பால் கொடுத்து மெலிந்தது என்று சொல்லிவிடலாம். ஏனென்றால் உடல் வாடும்போது இழையும் மெலியும். பஞ்ச காலத்தில் ஆட்டை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதை மறைக்க வளர்த்தவரால் முடியாது. இழையின் நுண்மை, சுருள், நீளம், பளபளப்பு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு, ஆனால் சுண்டிப் பார்க்கும் சோதனையில் தோற்றால் மற்றதெல்லாம் கரை சேர்க்காது. நூற்பாலையில் அறுந்து போகும் கம்பளியை யார் வாங்குவார்கள்?

அடுத்து கேக். சிரிக்க வேண்டாம், நான் பார்த்தவரை ஷோவின் தத்துவம் மொத்தமும் ஒரு பழக் கேக்கில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான ஊர்ச் சங்கங்கள் உண்டு, ஒவ்வொன்றும் தன் ஊரில் வருடாந்தர ஷோ நடத்துகிறது. இவை பதினான்கு குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. 'ரிச் ஃப்ரூட் கேக்' போட்டி ஊர் ஷோவில் தொடங்கும். அங்கே வென்றவர் புதிதாக ஒரு கேக் சுட்டுக் குழுப் போட்டிக்குப் போவார், அங்கே வென்றவர் இன்னொன்று சுட்டு சிட்னி ஷோவில் மாநில இறுதிக்கு வருவார். எல்லோருக்கும் ஒரே செய்முறை. மாற்றக் கூடாது.

சுல்தானா, நறுக்கிய கிஸ்மிஸ், கரன்ட் எனும் சிறு கருந்திராட்சை மூன்றும் தலா 250 கிராம். சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சு-எலுமிச்சைத் தோல் 125 கிராம். சிவப்பு கிளாஸே செர்ரி 90, தோலுரித்த பாதாம் 90. ஷெர்ரி அல்லது பிராந்தி மூன்றில் ஒரு கப். மைதா 250, உப்பவைக்கும் மாவு 60. துருவிய ஜாதிக்காய் கால் டீஸ்பூன், சுக்குத்தூள் அரை, கிராம்புத்தூள் அரை. வெண்ணெய் 250, பழுப்புச் சர்க்கரை 250. எலுமிச்சை, பாதாம், வெனிலா எசென்ஸ் ஒவ்வொன்றும் அரை டீஸ்பூன். பெரிய முட்டை நான்கு. பழங்களின் மேல் பிராந்தியைத் தெளித்து மூடி, குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுவதும் வைக்க வேண்டும். வெண்ணெய், சர்க்கரை, எசென்ஸைக் குழைத்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, பழத்தையும் சலித்த மாவையும் மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும். மரக்கரண்டியைக் குத்தி நிறுத்தினால் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில், குறைந்த சூட்டில், மூன்றரை முதல் நான்கு மணி நேரம். தட்டிலேயே ஆற வேண்டும். சீராக இருப்பதற்காகக் கிஸ்மிஸை இரண்டு மூன்று துண்டாகவும், செர்ரியை நான்கிலிருந்து ஆறாகவும், பாதாமைக் குறுக்கே மூன்று நான்காகவும் நறுக்கச் சொல்கிறது குறிப்பு.

எல்லோரும் இதையே செய்கிறார்கள் என்றால் வித்தியாசம் எங்கே? கையில். அடுப்பு சற்றே சூடு கூடினாலும் ஓரம் முதலில் இறுகி, நடு பிறகு எழும்பி, மேலே மேடு தட்டி வெடிக்கும். மாவு நெகிழ்ந்திருந்தால் பழம் கீழே இறங்கிவிடும், நடுவர் குறுக்கே வெட்டியதும் அடியில் கருப்பு அடுக்கு தெரியும். முட்டை குளிர்ந்திருந்தாலோ அவசரமாகச் சேர்த்தாலோ வெண்ணெய் திரிந்து, உள்ளே பிடித்த காற்று போய், கேக் அடைசலாகும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் திராட்சை கருகிக் கசக்கும், ஈரக் கையால் மேற்பரப்பைத் தடவி அவற்றை உள்ளே அமுக்கிவிடுவது பழகினவர்கள் செய்வது. தட்டில் போட்ட காகிதம் சுருங்கியிருந்தால் அந்தச் சுருக்கம் கேக்கின் பக்கத்தில் பள்ளமாக விழும். கம்பித் தட்டில் ஆறவைத்தால் அடியில் கோடு விழும். இரண்டுக்கும் மதிப்பெண் போகும். மூலை நான்கும் கூர்மையாக இருக்க வேண்டும். ருசி பார்ப்பது இதெல்லாம் முடிந்த பிறகுதான். கொழும்பு ரிச் கேக் செய்து கை தேர்ந்தவர்கள் (ரவை, முந்திரி, பூசணி தோசி போட்டு) இதில் நுழைந்தால் முதலில் மறக்க வேண்டியது தங்கள் கைவரிசையைத்தான். உங்கள் கேக் இதைவிட ருசியாக இருக்கலாம், ஆனால் இங்கே அளப்பது அதை இல்லை. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கொடுத்து யார் பிழையில்லாமல் எழுதுகிறார்கள் என்று பார்க்கிறார்கள்.

மரம் வெட்டும் போட்டிக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை, பார்த்தாலே புரியும். 1899-இலிருந்து நடக்கிறது. படுத்த கட்டை மேல் ஏறி நின்று, கால்களுக்கு நடுவே பாதி வெட்டி, திரும்பி நின்று மறுபாதி வெட்டுவது ஒன்று. நிறுத்திய கட்டையை இருபுறமும் வெட்டுவது இன்னொன்று. உயர்ந்த கம்பத்தில் பள்ளம் வெட்டி, அதில் பலகை செருகி, அதன் மேல் ஏறி இன்னொரு பள்ளம் வெட்டி மேலே போவது மூன்றாவது. கவனிக்க வேண்டியது தொடக்கம்: எல்லோரும் ஒன்றாகத் தொடங்க மாட்டார்கள். தொடக்கம் சொல்பவர் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று நொடிகளை எண்ணிக்கொண்டே போவார், அவரவருக்கு ஒதுக்கிய எண் வந்ததும் கோடரியை இறக்கலாம். வல்லவர் கடைசியில்தான் தொடங்குவார். அதனால்தான் எல்லாக் கட்டைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுகின்றன, கூட்டம் எழுந்து நிற்கிறது. கட்டைகளை விட்டத்தால் தரம் பிரித்து, சீட்டுப் போட்டுத்தான் கொடுப்பார்கள். ஆனாலும் உள்ளே கணு ஒளிந்திருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மாவட்டக் காட்சியைப் பார்க்காமல் திரும்பியவர்களை நான் மன்னிப்பதில்லை. வடக்கு, மேற்கு, மத்தி, தெற்கு, தென்கிழக்குக் குயின்ஸ்லாந்து என்று பகுதிவாரியாகத் தன் மண்ணில் விளைந்ததை மட்டும் வைத்துச் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். தானியம், கம்பளி, ஆப்பிள், பூசணி, தேன், ஊறுகாய்ப் புட்டி எல்லாம் இருக்கும், அவற்றாலேயே பெரிய ஓவியமும். அழகுக்கு மட்டும் மதிப்பெண் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு விளைபொருளையும் தனித்தனியே தரம் பார்த்துப் புள்ளி போடுவார்கள், அடுக்கிய நேர்த்திக்குத் தனிப் புள்ளி. இதில் பெரிய தலைவலி நாட்காட்டி. ஈஸ்டர் மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25-க்குள் எங்கே வேண்டுமானாலும் வரும். ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி. முந்தைய ஆண்டு சரியான பக்குவத்தில் கிடைத்த ஆப்பிள் இந்த ஆண்டு இன்னும் பச்சையாக இருக்கும், அல்லது பூசணியின் காம்பு முற்றியே போயிருக்கும். ஆகவே முன்கூட்டியே விளைந்ததைக் குளிர்கிடங்கில் பிடித்து வைப்பதும், பிந்தி விளைவதற்காக நடவைப் பிரித்துப் போடுவதும் இந்தத் தன்னார்வலர்களின் வருடம் முழுவதற்குமான வேலை. வைத்த பிறகும் பன்னிரண்டு நாள் வாடாமல் நிற்க வேண்டும்.

இனி உங்கள் காசு. சங்கம் லாப நோக்கில்லாதது. பல லட்சம் பேர் வாங்கும் நுழைவுச்சீட்டும் ராட்டினக்காரர்களும் கடைக்காரர்களும் கட்டும் வாடகையும்தான் கம்பளி மேசைக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் படி அளக்கிறது. ஷோபேக்கும் ஒரு காலத்தில் விவசாயத்தோடு ஒட்டியதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உணவுக் கம்பெனிகள் தங்கள் சரக்கின் மாதிரியைப் பையில் போட்டு இலவசமாகக் கொடுத்தன, 'சாம்பிள் பை' என்றுதான் பெயர். பிறகு அதற்கு விலை வந்தது, விலைக்கேற்றபடி பிளாஸ்டிக் பொம்மை வந்தது. 1963-இல் பிறந்த பெர்ட்டி பீட்டில் என்ற வண்டு உருவச் சாக்லேட் இன்னும் இருக்கிறது. வேறொரு சாக்லேட்டுக்கான தேன்கூட்டு மிட்டாயில் உடைந்து மிஞ்சிய தூளைச் சேர்த்துச் செய்தது. மற்ற பைகளைவிட அதுதான் கைக்கு அடக்கம்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. கொட்டிலுக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் உள்ள தூரம் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகிறது. நடுவர் காரணம் சொல்லும் அந்த அருமையான இருபது நிமிடம் பெரும்பாலும் காலி பெஞ்சுகளுக்குத்தான் கேட்கிறது.

அடுத்த முறை போகும்போது இப்படிச் செய்து பாருங்கள். முதலில் அன்றைய அட்டவணையைப் பாருங்கள். எல்லாக் கால்நடையும் எல்லா நாளும் இருக்காது, ஓர் இனத்தின் போட்டி முடிந்ததும் அவை ஊர் திரும்பி, அடுத்தவை வந்துவிடும். காலையில் கதவு திறந்ததும் நேராகக் கொட்டிலுக்குப் போங்கள். மாட்டைக் குளிப்பாட்டி, ஊதுகுழாயால் உலர்த்தி, ரோமத்தை மேல்நோக்கிச் சீவிக் கத்தரிப்பது அப்போதுதான். சீவலைக் கூர்ந்து பார்த்தால், முதுகு நேராகத் தெரிவதற்காகப் பள்ளமான இடத்தில் ரோமத்தை நிறுத்தி மேடான இடத்தில் ஒட்ட வெட்டியிருப்பது தெரியும். நடுவருக்கும் அது தெரியும், அதனால்தான் அவர் கையை வைத்து அழுத்திப் பார்க்கிறார். வெயில் ஏறும்போது மாவட்டக் காட்சி, கம்பளி, கேக் ஆகிய கூரையுள்ள இடங்கள். ராட்டினத்தைக் கடைசியில் வையுங்கள், அதற்குள் பிள்ளைகள் பாதி களைத்திருப்பார்கள், பர்ஸும் பாதியாவது மிஞ்சும்.

கலந்துகொள்ளவும் ஆசை என்றால் சிட்னி ராயலில் (அதாவது இந்த ஈஸ்டர் ஷோவில்) தொடங்க வேண்டாம். காசில் ஹில், ஹாக்ஸ்பரி, லுடன்ஹாம் ஊர் ஷோக்கள் மேற்குச் சிட்னிக்காரர்களுக்கு எட்டும் தூரம். கைவேலைப் பின்னல், ஜாம், வீட்டுத் தோட்டத்துக் காய், பூ என்று எதற்கும் வகுப்பு இருக்கும், பதிவுக் கட்டணமும் பெரிதாக இருக்காது. கத்தரிக்காய் வைப்பதாக இருந்தால் தேவைக்கு இரண்டு மடங்கு பறித்து, அதிலிருந்து ஒரே நீளம், ஒரே நிறம், காம்போடு உள்ளவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்று மட்டும் மிகப் பெரிதாக இருந்தால் அதை எடுத்து அன்றைக்கே குழம்பு வைத்துவிடுங்கள். தட்டில் அது மற்றவற்றைச் சிறியதாகக் காட்டும், சீரற்றது என்று மதிப்பெண்ணும் குறையும்.